முதலில் துணியைப் பாருங்கள்: அரசகுல ஓவியங்களின் பிரதிகள் வாங்கிய கதை

முகம் நன்றாக வந்திருக்கிறது, துணி வரவில்லை. ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். அந்த மூன்றிலும் ஒன்று, சட்டம் போட்டு மாட்டித் தந்த காரைக்குடி ஆசாரிக்குச் சேர வேண்டியது.

கானாடுகாத்தான் பக்கத்தில் எங்கள் பங்கு வீட்டைக் கொஞ்சம் திருத்தி, வெளியூர் விருந்தாளிகளுக்குச் சில அறைகளை விட்டிருக்கிறோம். முகப்பில் எங்கள் ஐயா, அப்பத்தா, அவர்களுக்கு முந்தின தலைமுறை எல்லாரும் சட்டத்துக்குள் இருந்தபடி முன்னால் சாய்ந்து, வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்முற்றமான வளவில் ரவிவர்மா அச்சுப்படங்கள். பட்டாலை என்கிற கூடத்தின் சுவர்கள் மட்டும் காலி. அங்கே இருந்தவை பங்காளிகள் பிரித்துக்கொண்டபோது போய்விட்டன. காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய் வேறு யார் வீட்டுத் தாத்தாவையோ விலைக்கு வாங்கி மாட்ட எனக்கு மனம் வரவில்லை. பெல்ஜியம் கண்ணாடியும் இத்தாலிச் சலவைக்கல்லும் பர்மாத் தேக்கும் வந்து குடியேறிய வீடுதானே, இத்தாலிச் சீமாட்டி ஒருத்தியும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால (15, 16-ஆம் நூற்றாண்டு) ராஜா ராணி ஓவியங்களின் பிரதிகளைத் தேடத் தொடங்கினேன்.

வாங்கியது இணையத்தில், கேன்வாஸில் அச்சடித்து அனுப்பும் ஒரு நிறுவனத்திடம். பெயர் வேண்டாம். இந்தத் தொழில் செய்கிற இடங்கள் நிறைய, குறைகளும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர்களிடம் பெரிய பட்டியல் இருக்கிறது. படத்தைத் தேர்ந்தெடுத்து, அளவைச் சொல்லி, பணத்தைக் கட்டினால் மரச்சட்டத்தில் இழுத்து அடித்தோ, சுருட்டிக் குழாயில் போட்டோ அனுப்புவார்கள். நம்மிடம் படக்கோப்பு இருந்தால் அதையும் அச்சடித்துத் தருவார்கள். இதை நான் கடைசியில்தான் பயன்படுத்தினேன். அதுதான் இருப்பதிலேயே நன்றாகவும் வந்தது.

முதலில் இத்தாலி ஓவியர் புரோன்சினோ வரைந்த எலியனோரா. பிளாரன்ஸ் நகரத்து டியூக் முதலாம் கோசிமோ மெதிச்சியின் மனைவி, நேப்பிள்ஸ் வைஸ்ராயின் மகள். 1545 வாக்கில் வரைந்தது, அசல் பிளாரன்ஸில் உபீசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பக்கத்தில் மகன் ஜோவான்னி, குண்டுக் கன்னத்தோடு நிற்கிறான். இந்தப் படத்தில் முகத்தைவிடப் பெரியது உடுப்பு. வெள்ளைப் பட்டில் கறுப்பு வெல்வெட் கொடி ஓடுகிறது, நடுநெஞ்சில் தங்கச் சரிகையில் பெரிய மாதுளை வடிவம், தோளில் முத்து கோத்த பொன்வலை, இடுப்பில் கல் வைத்த ஒட்டியாணம், அதிலிருந்து முத்துக் குஞ்சம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் வெள்ளி, பித்தளை, பட்டு எல்லாவற்றையும் வளவில் பரப்பி வைத்து, வருகிறவர்கள் எல்லாரும் சுற்றிப் பார்த்துப் போவார்களே, புரோன்சினோ அதையே ஒரு பெண்ணின் மேல் பரப்பியிருக்கிறார். எந்தக் குடும்பம், எவ்வளவு வசதி, எங்கே இருந்து சரக்கு வருகிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். முகம் அவ்வளவு சலனமில்லாமல் இருப்பதும் அதனால்தான் என்று எனக்குத் தோன்றும். உடுப்பு பேசுகிறபோது முகம் குறுக்கே பேசவில்லை.

அப்படிப்பட்ட படத்தில் சரிகை வராவிட்டால் என்ன மிச்சம்? எனக்கு வந்த பிரதியில் பொன்னிறம் பச்சை கலந்த மஞ்சளாக, பழைய எலுமிச்சை ஊறுகாய் நிறத்தில் இருந்தது. காரணம் இருக்கிறது. தங்கத்தைக் காட்டத் தங்கத் தகட்டை ஒட்டாதே, வண்ணத்தாலேயே காட்டு, அதில்தான் ஓவியனுக்குப் பெருமை என்று 1435-இலேயே ஆல்பெர்ட்டி என்ற இத்தாலி அறிஞர் எழுதி வைத்துவிட்டார். அந்த வழியில் வந்தவர்கள் காவி, பழுப்பு, வெளிர்மஞ்சள் ஆகியவற்றின் சின்னச் சின்ன வித்தியாசத்திலேயே பொன்னை மினுக்க வைத்தார்கள். அந்த வித்தியாசம் நூலிழை அளவுதான். கோப்பில் நிறம் கொஞ்சம் தப்பினாலும், அச்சில் மை கொஞ்சம் கூடினாலும், பொன் போய் மஞ்சள்தூள் மட்டும் நிற்கும். முத்துகள் பரவாயில்லை. பின்னணியின் ஆழ்ந்த நீலமும், முகத்தைச் சுற்றி மட்டும் அது வெளுத்து ஒளிவட்டம் மாதிரி நிற்பதும் அழகாக வந்திருக்கின்றன.

இந்த உடுப்போடுதான் அவளைப் புதைத்தார்கள் என்று ரொம்ப நாள் ஒரு கதை உண்டு. 1857-இல் கல்லறையைத் திறந்தபோது கிடைத்த துணியை வைத்துக் கிளம்பிய கதை. பிறகு அந்தத் துணியைப் பக்குவப்படுத்தி ஆராய்ந்தபோது அது வேறு உடுப்பு என்று தெரிந்துவிட்டது. அந்த நிறுவனத்தின் விளக்கக் குறிப்பில் பழைய கதையே இன்னும் இருக்கிறது. எலியனோராவும் இந்த ஜோவான்னியும் 1562-இல் சில வார இடைவெளியில் மலேரியாவில் போனார்கள் என்ற உண்மை அதில் இல்லை. அதைப் போட்டிருந்தால் விற்பனைக்கு ஆகாது போலும்.

அடுத்தது, இங்கிலாந்து ராஜாவின் அரண்மனை ஓவியர் ஹோல்பைன் வரைந்த டென்மார்க் கிறிஸ்டீனா. இது பெண் பார்க்கப் போட்ட படம், ஒளிவு மறைவில்லாமல். இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றிக்கு மூன்றாவது மனைவி ஜேன் சீமோர், மகன் பிறந்த 12 நாளில், 1537 அக்டோபரில் இறந்துபோனாள். உடனே நாலு பக்கமும் வரன் தேடுகிறார்கள். மிலான் டியூக்கைக் கட்டிக்கொடுத்து 13 வயதிலேயே விதவையான கிறிஸ்டீனாவுக்கு அப்போது 16 வயது, பிரஸ்ஸல்ஸில் இருக்கிறாள். 1538 மார்ச் 12-ஆம் தேதி மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை, மூன்றே மணி நேரம் ஹோல்பைன் முன் இருந்தாள். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு லண்டனுக்குத் திரும்பி ஆளுயரத்துக்கு வரைந்தார். அசல் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, 179 சென்டிமீட்டர் உயரம். கல்யாணம் நடக்கவில்லை, அவள் 1541-இல் லொரேன் டியூக் வம்சத்தில் வாழ்க்கைப்பட்டாள். படம் மட்டும் ஹென்றியிடமே தங்கிவிட்டது.

துக்க உடை என்பதால் தலையிலிருந்து தரை வரை கறுப்பு. ஆனால் ஒரே கறுப்பு இல்லை. உள்ளே மினுங்கும் பட்டுக் கறுப்பு, மேலே நீள அங்கி, அதன் ஓரத்தில் பழுப்பு நிற ரோமம், மடிப்புக்கு மடிப்பு வெளிச்சம் மாறும். நகை என்று பார்த்தால் விரலில் ஒரு சிவப்புக்கல் மோதிரம் தவிர எதுவும் கண்ணில் நிற்காது. இவ்வளவு குறைவாகப் போட்டுக்கொண்டு இவ்வளவு பெரிய இடத்துப் பெண் என்று காட்டுவதற்கு அந்தக் கறுப்பு எப்படிப்பட்ட கறுப்பாக இருக்க வேண்டும்!

வந்த பிரதியில் அது மைக்கூடு கவிழ்ந்த மாதிரி. மடிப்பும் இல்லை, ரோமமும் இல்லை. கையும் முகமும் தனியாக மிதக்கின்றன. சாதாரண மங்கல் கேன்வாஸில் அடர்ந்த கறுப்பு சாம்பல் பூத்துத்தான் போகும், அதைச் சரிக்கட்ட மையைக் கூட்டினால் உள்விவரம் எல்லாம் முழுகிவிடும் என்று எங்கள் ஆசாரியின் மகன் சொன்னான். காரைக்குடியில் பிளெக்ஸ் கடையில் வேலை பார்த்தவன், அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருக்காதா?

இதில் இன்னொரு குறை. கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்துப் பின்பக்கம் மடித்து அடிப்பார்கள். மடிப்புக்குத் தனியாக ஓரம் விடாமல் படத்தையே மடித்துவிட்டதால், தரையில் விழும் உடுப்பின் கீழ்விளிம்பு பக்கவாட்டுக்குப் போய்விட்டது. கிறிஸ்டீனா தரையில் நிற்கவில்லை. ஆளுயரப் படத்துக்குத் தரைதான் மானம். வாங்கும்போது ஓரத்தை எப்படி மடிப்பார்கள் என்று கேளுங்கள். படத்தைத் தொடாமல் வெறும் நிறத்தையோ, ஓரத்தின் பிரதிபலிப்பையோ மடிப்பில் வைக்கச் சொல்லலாம்.

இந்தப் படத்தை வீட்டில் மாட்டுவதிலும் ஒரு சங்கடம் வந்தது. என் சின்னாத்தா வந்து பார்த்துவிட்டு, “ராணியாவே இருக்கட்டும் ஆத்தா, துக்கம் காக்கிற பிள்ளைய வாசலப் பாத்து மாட்டலாமா? நாலு பேர் கல்யாணப் பத்திரிகை கொண்டு வர்ற வீடு” என்றார்கள். இது பெண் கேட்டு எழுதின படம்தான் என்று சொன்னேன். “அப்ப அந்த ராசாவுக்கு எத்தனாவது?” என்று கேட்டார்கள். நாலாவதுக்குக் கேட்டார் என்றதும், “தப்பிச்சா” என்று சொல்லிவிட்டுப் பலகாரம் சாப்பிடப் போய்விட்டார்கள். படத்தைப் பட்டாலையின் உள்சுவருக்கு மாற்றினேன். ஐரோப்பாவில் அந்தக் காலத்துப் பெரிய இடங்களில் கறுப்புதான் கம்பீரம் என்று எடுத்துச் சொல்ல எனக்கு வாய் இருந்தது, அவர்களுக்கு நேரம் இல்லை.

அடுத்து இத்தாலியின் உர்பினோ டியூக்கும் அவர் மனைவியும் இரட்டைப் படம், பியெரோ தெல்லா பிரான்செஸ்கா வரைந்தது. இவை சிறியவை, ஒவ்வொன்றும் 47-க்கு 33 சென்டிமீட்டர். நான் அசல் அளவிலேயே வாங்கினேன், பெரிதாக்க வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்வேன். இரண்டுமே பக்கவாட்டு முகம், காசில் பொறித்த தலை மாதிரி. டியூக் பெதெரிகோவுக்கு ஒரு போட்டிச் சண்டையில் வலது கண் போய்விட்டது, அதனால் இடது பக்கம்தான் காட்டுவார். மூக்குத் தண்டில் உள்ள வெட்டையும் கன்னத்து மருவையும் மட்டும் மறைக்கவில்லை. மனைவி பத்திஸ்தா வெளுத்துப்போய் இருக்கிறாள். அவள் 1472-இல் இறந்த பிறகுதான் படமே வரையப்பட்டது என்று சொல்பவர்களும் உண்டு. இந்த இரண்டும் அச்சில் அருமை. டியூக்கின் சிவப்புக் குல்லாயும் சிவப்பு அங்கியும் மினுமினுப்பு இல்லாத சீரான நிறம், அச்சு இயந்திரத்துக்கு அதில் சிரமம் இல்லை. அசலில் பலகைகளின் பின்பக்கத்தில் வெற்றி ஊர்வலத் தேர்கள் வரைந்திருக்கின்றன. டியூக்கின் தேரை வெள்ளைக் குதிரைகள் இழுக்க, மனைவியின் தேரை ஒற்றைக்கொம்புக் குதிரைகள் இழுக்கின்றன. பட்டியலில் பின்பக்கங்களுக்கும் பிரதி இருந்தால் நான் வாங்கியிருப்பேன், இல்லை.

மாட்டுகிறவருக்கு ஒரு வார்த்தை: மனைவி நமக்கு இடப்பக்கம், டியூக் வலப்பக்கம். எங்கள் ஆசாரி முதலில் மாற்றி மாட்டிவிட்டார். இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். “ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை போல ஆச்சி” என்று அவரே சிரித்துக்கொண்டு கழற்றி மாற்றினார்.

வெனிஸ் ஓவியர் திஷியன் வரைந்த இசபெல்லா தெஸ்தே பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாந்துவா அரசகுடும்பத்து அம்மையார், 1530-களின் நடுவில் அறுபது வயதை எட்டியவர், தன்னை இளம்பெண்ணாக வரையச் சொன்னார். திஷியன் பழைய படம் ஒன்றை வைத்துக்கொண்டு வரைந்து கொடுத்தார். அந்த இளவயதில்கூடத் தான் இவ்வளவு அழகாக இருந்ததில்லை என்று அம்மையாரே எழுதியிருக்கிறார். எங்கள் ஐயா படத்தில் காதில் உள்ள கடுக்கனும் கழுத்தில் உள்ள கௌரிசங்கமும் ஸ்டூடியோக்காரர் பிற்பாடு கையால் தீட்டியவை. அதனால் இந்தக் குடும்பத்தில் யாரும் இசபெல்லாவைக் குறை சொல்வதற்கில்லை. பிரதி சுமார். ஆனால் திஷியனுக்குத் தூரம் வேண்டும். 1553-இல் ஸ்பெயின் இளவரசன் பிலிப்பை அவர் வரைந்த படத்தைக் கல்யாணப் பேச்சுக்காக இங்கிலாந்து ராணி மேரிக்கு அனுப்பியபோது, பிலிப்பின் அத்தை ஹங்கேரி மேரி, இதைத் தள்ளி நின்று தகுந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பட்டாலையின் கடைசியில் மாட்டி இந்தக் கோடியிலிருந்து பார்த்தால் தொப்பியும் தோளில் போட்ட ரோமமும் கூடி வருகின்றன. கிட்டப் போனால் ஒன்றுமில்லை. ஹோல்பைனுக்கு இது நேர்மாறு. மூக்கு இடிக்கிற தூரத்தில் பார்க்க வேண்டிய ஆள் அவர், அதனால்தான் மோசமான பிரதி அவரை அதிகம் காட்டிக்கொடுக்கிறது.

கடைசியாக, நானே கோப்பு கொடுத்து அச்சடித்தது: குழந்தை ஆறாம் எட்வர்ட். ஜேன் சீமோர் பெற்றுப் போட்டுவிட்டுப் போன அதே மகன். வாஷிங்டன் நேஷனல் கேலரியில் உள்ள படம். அந்த அருங்காட்சியகம் தன்னிடம் உள்ள காப்புரிமை இல்லாத படங்களின் நல்ல கோப்புகளை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டனும் 2017-இலிருந்து அப்படியே. ஹோல்பைன் இதை 1539 புத்தாண்டுக்கு ராஜாவுக்கே பரிசாகக் கொடுத்தார், ராஜா பதிலுக்கு மூடி போட்ட பொன்முலாம் கோப்பை ஒன்றைக் கொடுத்தார். குழந்தைக்கு ஒன்றேகால் வயதுகூட ஆகவில்லை. சிவப்பு உடுப்பு, பொன்னிறக் கைகள், இறகு வைத்த குல்லாய். ஒரு கையில் தங்கக் கிலுகிலுப்பை, இன்னொரு கை ஆசீர்வதிக்கிற மாதிரி விரித்திருக்கிறது. கீழே லத்தீன் கவிதை, அப்பாவைப் போல் வா, அது போதும் என்கிற பொருளில். ஒன்பது வயதில் ராஜாவாகி 15 வயதில் போய்விட்டான் என்று தெரிந்தபின் அந்தக் கவிதையைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

இதன் அச்சில் பொன் பொன்னாகவே வந்திருக்கிறது. சட்டைக்கை மடிப்பில் வெளிச்சம் ஓடுகிறது. அதே நிறுவனம், அதே கேன்வாஸ், அதே மை. அப்படியானால் எலியனோராவின் சரிகையைக் கெடுத்தது இயந்திரம் இல்லை, பட்டியலில் வைத்திருக்கும் கோப்பு. எங்கிருந்தோ எடுத்து, நிறத்தை எடுப்பாகக் காட்ட ஏற்றிவிட்டு, அதையே எல்லா அளவுக்கும் விற்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிறிஸ்டீனாவை அசல் உயரமான 70 அங்குலத்துக்கு அடிக்க, அங்குலத்துக்கு 150 புள்ளி என்று வைத்தாலே உயரத்தில் 10,500 புள்ளிகள் வேண்டும். பட்டியலில் அந்த அளவும் விற்பனைக்கு இருக்கிறது. அவர்கள் கோப்பில் எத்தனை புள்ளி என்று கேட்டேன். “உயர்தரம் மேடம்” என்பதே திரும்பத் திரும்ப வந்த பதில். நல்லவேளை, நான் 36 அங்குலத்தோடு நின்றேன்.

புகார் சொன்னபோது மரியாதையாகத்தான் பேசினார்கள். எலியனோராவைப் பாதி விலைக்குத் திரும்ப அடித்துத் தந்தார்கள், இந்த முறை கேன்வாஸ் இல்லாமல் பருத்திக் காகிதத்தில். பச்சை குறைந்து, சரிகை முக்கால்வாசி வந்துவிட்டது. கிறிஸ்டீனாவுக்கு ஒன்றும் செய்ய மாட்டோம் என்றுவிட்டார்கள். பொட்டலம் கட்டியதில் குறையே இல்லை, குழாய் நசுங்காமல் வந்தது.

பிரதியை மாட்டுவது பெருமைக்குறைவு என்று எங்கள் வீட்டில் ஒரு தம்பி சொல்கிறான். ஹென்றி கால் அகட்டி நிற்கிற அந்தப் பிரசித்தமான கோலமே நமக்குப் பிரதியில்தான் கிடைக்கிறது. ஹோல்பைன் வைட்ஹால் அரண்மனைச் சுவரில் வரைந்த அசல் 1698 தீயில் போய்விட்டது. ராஜாவுக்கு வேண்டியவர்கள் என்று காட்டிக்கொள்ளப் பிரபுக்கள் அன்றைக்கே அதைப் பிரதி எடுத்து வீட்டில் மாட்டினார்கள். அந்தப் பிரபுக்களைவிடப் பெரிய இடமா நாம்?

இனி ஆசாரிக்கு வருகிறேன். இந்த வேலையில் முழு மதிப்பெண் அவருக்குத்தான். நிறுவனம் தரும் தங்கநிற பைபர் சட்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். பழைய ஜன்னல் தேக்கை இழைத்து, அகலமான, பூவேலை இல்லாத சட்டமாகச் செய்தார். எங்கள் சுவர் முட்டைவெள்ளை சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு, ஆணி அடித்தால் தட்டுத் தட்டாகப் பெயரும். அதனால் மேலே உத்தரத்தை ஒட்டி ஒரு மரப்பட்டை ஓட்டி, அதிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டார். மேல்பக்கம் முன்னால் சாய்ந்து நிற்கிறது, முகப்பில் ஐயா படம் நிற்கிற மாதிரியே. இப்படிச் சாய்ந்தால் வாசல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசாது, பின்னால் காற்றும் போகும். மழைக்காலத்தில் சுவர் ஈரம் காகிதத்துக்கு ஏறாமல் இருக்கச் சட்டத்தின் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு வைத்தார். காகிதப் பிரதிக்கு ராமபாணப் பூச்சி பயம் உண்டு, பின்பலகையின் விளிம்பு முழுக்க நாடா ஒட்டி அடைத்தார். கூலி, ஒரு பிரதியின் விலையைவிடக் குறைவு. கேட்டதைக் கொடுத்தேன்.

அதே நிறுவனத்திடம் இன்னும் ஒன்று கேட்டிருக்கிறேன். சொபோனிஸ்பா அங்குவிஸ்சோலா வரைந்த இரண்டாம் பிலிப். 1559-இல் ஸ்பெயின் அரண்மனைக்குப் போன இத்தாலிப் பெண் ஓவியர். இந்தப் படத்தை ரொம்ப காலம் ஓர் ஆண் ஓவியரின் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். இதிலும் ராஜா தலைமுதல் கறுப்புதான், கையில் ஜெபமாலை. கேன்வாஸ் வேண்டாம், பருத்திக் காகிதம் போதும், முழுப்படத்துக்கு முன்னால் மேலங்கியும் கையும் சேர்கிற இடத்தை மட்டும் ஒரு சாண் அளவுக்கு அடித்து அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறேன். அதற்குத் தனியாகக் காசு கேட்டார்கள், கட்டிவிட்டேன். அந்தத் துண்டைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, கறுப்புக்குள் துணி தெரிந்தால்தான் மீதிப் பணம்.